இடைவாள் வேண்டாம் என்றவனுக்கு

இன்று மதியம் விடுதியில் சாப்பாட்டு வேளை முடிந்து, வரவேற்பு மேசை சற்று ஓய்ந்திருந்தது. மாடி அறைக்காரர்கள் கொளுத்திய சாம்பிராணி வாசனை படிக்கட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மடிக்கணினியில் நம் விளையாட்டைத் திறந்தேன். திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் ஈட்டி ஏந்தும் வீரர்கள் எல்லோரும் இடுப்பில் ஒரு குறுவாளும் வைத்துக்கொள்வார்களாம். வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. என் ஈட்டிக்காரனின் இடுப்பில் உறை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே உன்னை அழைக்கத்தான் கை போனது. உன் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி. போன மழைக்காலத்திலிருந்து அது அப்படியேதான் இருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஹெட்போன் கிழியக் கத்தியிருப்பாய். "பாத்தியா, கெடுத்துட்டானுங்க" என்று தொடங்கி அடுத்தவர் மூச்சுவிட இடம் கொடுக்காமல் பேசியிருப்பாய். பேசவும் பதில் சொல்லவும் ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

உன்னை நான் முதலில் அறிந்தது குரலாகத்தான். நான் செங்கம் ரோட்டு விடுதியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டே எனக்குத் தெரியவந்தது. பழங்காலப் போர்க்களம், இரண்டு படைகள், ஆளுக்கொரு ஆயுதம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே கோட்டைவாசலில் நின்று வெட்டிக்கொள்வார்கள். முதல் வாரம் முழுக்க வாசலைத் தொடுமுன்பே செத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹெட்போனில் நம்ம ஊர்ப் பேச்சு கேட்டது.

"ஈட்டி வச்சிருக்கற ஆளு! ஏன் ஓடற? நில்லு. நின்னு குத்து. அவன் உன்ன நெருங்க முடியாதுல்ல?"

நின்று குத்தினேன். என்னைத் துரத்தியவன் விழுந்தான். "எந்த ஊரு?" என்று கேட்டாய். திருவண்ணாமலை என்றதும் சிரித்துவிட்டாய். நீ கீழ்பென்னாத்தூரில், ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் உட்கார்ந்திருந்தாய். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, எந்தத் தேசத்தின் கோட்டையிலோ சந்தித்துக்கொண்டோம்.

அப்புறம் பிரகாஷ் சேர்ந்தான். தேரடித் தெருப் பக்கம் பைக் உதிரிபாகக் கடையில் நிற்பவன். கேடயமும் வாளும் அவனுக்கு. வேலூரில் படிக்கும் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். ஐந்து பேர் ஆனோம். பிரகாஷ் தானே தலைவனானான். நாம் யாரும் மறுக்கவில்லை, அவன் குரல்தான் எல்லாரையும்விடச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பகல்களில் ஆடினோம். ஆடிய நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் ஜாஸ்தி. சண்டை எப்போதும் ஒன்றுதான். ஈட்டிக்காரன் இடைவாள் வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா. அந்நாளில் அது அவரவர் விருப்பம். வாள் வைத்தால் கவசம் கொஞ்சம் இலேசாகிவிடும், அவ்வளவுதான். நான் வைத்திருந்தேன். நீ வைக்கவில்லை.

"உண்மையான சண்டையில எந்த ஈட்டிக்காரனாவது இடுப்புல ஒண்ணும் சொருகாம போவானா?" என்பான் பிரகாஷ். "கிட்ட வந்துட்டான்னா ஈட்டிய வச்சிக்கிட்டு இன்னா பண்ணுவ? ஒட்டடை அடிப்பியா?"

"கிட்ட வரவிட்டா அது என் தப்பு" என்பாய். "அவ்ளோ தூரத்துல நின்னு குத்துறேன். அந்த வசதிக்கு ஒரு வெல வேணாமா? கிட்ட வந்தவன் உயிரக் கையில புடிச்சிக்கிட்டு வந்திருக்கான். வந்ததுக்கப்புறம் நான் சட்டுனு கத்திய உருவுனா, அவன் கஷ்டப்பட்டு வந்ததுக்கு இன்னா அர்த்தம்?"

"நியாயம் பேசறான் பாரு. இது பஞ்சாயத்தா?"

"கத்தி இருக்குன்னு தெரிஞ்சா எவனும் ஈட்டிய ஒழுங்கா புடிக்கமாட்டான், பிரகாஷு. பக்கத்துல நிக்கறவனக் கூப்புடவும் மாட்டான்."

அந்தக் கடைசி வாதம் எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் என் வாளை நான் எடுத்துப்போடவில்லை. எத்தனையோ தடவை அது என்னைக் காப்பாற்றியிருந்தது.

நம்ம ஊரில் போட்டி என்று பிரகாஷ் ஒருநாள் சொன்னான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் புதிதாகத் திறந்த கேமிங் சென்டர், சுற்றுவட்டார அணிகள், எல்லோரும் நேரில் வந்து ஒரே அறையில் உட்கார்ந்து ஆட வேண்டும். நாங்கள் குதித்தோம். நீ மட்டும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, "லைன்ல இருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்கேன்" என்றாய்.

பிரகாஷ் விடவில்லை. "இந்தத் தடவ நான் சொல்றதுதான். ரெண்டு ஈட்டியும் சைடு கத்தி வச்சிக்கணும். வைக்காதவன் வரவேணாம். வேற ஆளப் பாத்துக்கறேன்."

நீ சண்டை போடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாய்: டவுனுக்கு வருகிறேன், டீ குடிக்கலாமா.

பஸ் ஸ்டாண்ட் எதிர்ச் சந்தில் அந்த டீக்கடை. குரலை வைத்து உன்னைக் கற்பனை செய்திருந்தேன், உயரமாக, முரட்டு ஆளாக. வந்தவன் ஒல்லியாக, தோளில் துண்டோடு இருந்தாய். இடது கை அந்தத் துண்டுக்குள் இருந்தது. டீயை வலது கையால் வாங்கிப் பலகையில் வைத்தாய், மிக்சர் பொட்டலத்தைப் பல்லால் பிரித்தாய், அப்போதும் இடது கை வெளியே வரவில்லை. நான் கேட்கவில்லை. நீயே துண்டை விலக்கினாய்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் உள்ளங்கையின் ஓரத்தோடு சேர்த்துப் போயிருந்தன.

"மல்லாட்ட மிஷின்" என்றாய். செடியிலிருந்து வேர்க்கடலையைப் பிரிக்கிற இயந்திரம். "எங்க நெலத்துலதான். கொடி சிக்கிக்கிச்சி, இழுக்கப் போனேன்." டீயை ஒரு வாய் குடித்தாய். "இப்பத் தெரியுதா? கீபோர்டுல நடக்கறதுக்கு இந்த ஒரே விரல்தான். முன்ன போகவும் அதான், பக்கம் நகரவும் அதான். கத்திய எடுக்கணும்னா அந்த விரல மேல நம்பர் பட்டனுக்குக் கொண்டு போவணும். அது வரைக்கும் நான் நட்ட கல்லு மாதிரி நிப்பேன். எதிர்ல இருக்கறவன் சும்மா இருப்பானா?"

"பிரகாஷ்கிட்ட சொல்லிடலாமே."

"சொல்லாத." முதல்முறையாக உன் குரல் கடினமாக இருந்தது. "சொன்னா பரிதாபப்பட்டு வுட்ருவான். எனக்கு அது வேணாம்."

ஒருவழியாக ஓர் உபாயம் கண்டுபிடித்தோம். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒருவர் பக்கவாட்டில் பட்டன் உள்ள மவுஸை இங்கேயே விட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போயிருந்தார். எழுதிக் கேட்டதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதை உனக்குக் கொடுத்தனுப்பினேன். வலது கட்டைவிரல் இருக்கும் இடத்திலேயே பட்டன். அழுத்தினால் ஈட்டி போய் வாள் வரும். அடுத்த ஞாயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா வேல செய்யுது" என்றாய். ஆனால் அன்றும் நீ வாளை உருவி நான் பார்க்கவில்லை. பிரகாஷிடம் மட்டும், "இடுப்புல வச்சிக்கறேன்டா. எடுக்கறதும் எடுக்காததும் என் இஷ்டம்" என்று ஒப்புக்கொண்டாய். பிரகாஷ் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தான்.

போட்டி நாளன்று நீ எல்லோருக்கும் முன்பே வந்து ஓர மேசையைப் பிடித்துவிட்டாய். உன் இடப்பக்கம் சுவர். விசைப்பலகையின் மேல் துண்டைப் போட்டு, அதன் அடியில் கையை நுழைத்து வைத்திருந்தாய். உன் வலப்பக்கம் நான். பிரகாஷும் வேலூர்க்காரர்களும் எதிர்வரிசையில். "ஏன்டா, கம்ப்யூட்டருக்குக் குளிருதா?" என்று பிரகாஷ் கேட்டான். "ஏசி ஜாஸ்தி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

இறுதி ஆட்டம் வரை வந்துவிடுவோம் என்று நாமே எதிர்பார்க்கவில்லை. எதிரே விழுப்புரத்து அணி. முதல் சுற்று நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. தோற்ற அணிகளெல்லாம் வீட்டுக்குப் போகாமல் நம் நாற்காலிகளுக்குப் பின்னால் கூடி நின்றார்கள். யாரோ ஒருவர் கை உன் நாற்காலியின் முதுகில் இருந்தது. நீ தோளைச் சுருக்கித் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாய்.

மூன்றாவது சுற்றில் கோட்டைவாசலைக் காப்பது நம் முறை. வாசலுக்கு முன்னால் குறுகிய மரப்பாலம். இரண்டு ஈட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாலம் அடைபட்டுவிடும். நீயும் நானும் நின்றோம். அவர்கள் வந்தார்கள், குத்தினோம், பின்வாங்கினார்கள், மறுபடி வந்தார்கள். உள்ளே நம் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். வேலூர்க்காரர்கள் இருவரும் போய்விட்டார்கள். சுவரேறி வந்தவர்களோடு பிரகாஷ் தனியாக முட்டிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், நேரம் முடிந்துவிடும், கோப்பை நம்முடையது.

அப்போதுதான் அந்தக் கோடரிக்காரன் வந்தான். உன் ஈட்டி அவன் தலைக்கு மேல் போனது. குனிந்து, ஈட்டிக் கம்பின் நீளத்துக்குள் புகுந்துவிட்டான். இனி உன் முனை அவனைத் தொடாது.

"வாள எடு!" பிரகாஷ் எதிர்வரிசையிலிருந்து எழுந்துவிட்டான். "எடுடா! வாள எடு!"

பின்னால் நின்றவர்களும் கத்தினார்கள். முன்பின் தெரியாதவர்கள். "எடுப்பா! எடு!"

நான் என் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உன் வலது கையைப் பார்த்தேன். உன் கட்டைவிரல் அந்தப் பட்டனுக்கு நகர்ந்தது. அதன்மேல் படிந்தது. ஓர் அழுத்து, அவ்வளவுதான். விரல் அங்கேயே இருந்தது. பிறகு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

நீ பின்வாங்கினாய். அவன் வயிற்றில் உதைத்தாய். கம்பைக் குறுக்கே பிடித்து ஒரு வெட்டைத் தடுத்தாய், இரண்டாவதையும் தடுத்தாய். "ரேவதி, எடப்பக்கம்!" என்றாய். திரும்பி அவன் விலாவில் குத்தினேன், ஆனால் அவன் விழவில்லை. நான் திரும்பிய இடைவெளியில் இன்னொருவன் பாலத்தில் ஏறிவிட்டான். உன் முதுகு வாசல் கதவில் முட்டியது. பின்னால் போக இடமில்லை. கோடரி இறங்கியது.

நீ விழுந்தபின் நான் அதிக நேரம் நிற்கவில்லை. வாசல் போய்விட்டது. விழுப்புரத்துக்காரர்களின் மேசைகளில் நாற்காலிகள் சாய்ந்து விழும் சத்தமும் கூச்சலும் கேட்டன.

பிரகாஷ் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தான். முகம் சிவந்திருந்தது. "எடுத்திருக்கலாம்ல! இடுப்புலதான இருந்துச்சி! ஒரு பட்டன்டா! எல்லாரும் தொண்ட கிழிய கத்துறோம், நீ இன்னா..." என்றபடியே கோபத்தில் மேசையைத் தட்டினான். துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

உன் கை எழுத்துப் பட்டன்களின் மேல் இருந்தது. நீ அதை இழுத்துக்கொள்ளவில்லை.

பிரகாஷின் வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் நின்றவர்களில் யாரோ "ச்சோ" என்றார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். எழுந்து போய்விடுவாய், இனி எந்த ஞாயிறும் வரமாட்டாய் என்று எனக்குத் தோன்றியது.

"மச்சான்... சாரிடா. எனக்குத் தெரியாது" என்றான் பிரகாஷ்.

நீ நிமிர்ந்து அவனைப் பார்த்தாய். "இன்னாத்துக்கு சாரி? திட்டிக்கிட்டிருந்த இல்ல, பாதில ஏன் நிறுத்தன? கையப் பாத்தியா? பட்டன் இந்தக் கையில இல்ல, அந்தக் கையில இருக்கு. என்னால எடுத்திருக்க முடியும். எடுக்கல. இப்ப முழுசா திட்டு."

பிரகாஷ் என்னைப் பார்த்தான். அந்த நேரம் அவன் கனிவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை இழந்திருப்போம். அவனுக்கு அது எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை, மெல்லத் தொடங்கினான்.

"நீ ஒரு புடிவாதம் புடிச்ச கழுதடா" என்றான். குரல் நடுங்கியது. அடுத்த வாக்கியத்தில் நடுக்கம் குறைந்தது. "அஞ்சு பேரு ஒழைப்பு. கையில இருந்த கோப்ப. ஒத்த ஆளா தூக்கி அவனுங்ககிட்ட குடுத்துட்ட."

"ஆமா."

"எடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்போம்."

"அடுத்த தடவ எடுப்பியா?"

"எடுக்கமாட்டேன்."

"அப்ப அடுத்த தடவையும் தோப்போம்."

"தோப்போம்" என்றாய். பிரகாஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கும். கீழே கிடந்த துண்டை அவனே எடுத்து உதறி உன் தோளில் போட்டான். அன்றைக்கு அதற்கப்புறம் நீ அந்தக் கையை மறைக்கவேயில்லை.

உன்னைப் பஸ் ஏற்றிவிட நான் வந்தேன். மறுநாள் பௌர்ணமி என்பதால் வந்திறங்கும் கூட்டம் எல்லா வாசலையும் அடைத்துக்கொண்டிருந்தது. "பாத்தேன். வெரல் பட்டன்மேலதான் இருந்துச்சி. ஏன் அழுத்தல?" என்று கேட்டேன்.

"அத எடுத்தா நல்லாயில்ல, ரேவதி."

"எது நல்லாயில்ல?"

"பாக்க" என்றாய். உன் பஸ் நகரத் தொடங்கியிருந்தது, ஓடிப்போய் ஏறிவிட்டாய். நீ விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் நாம் பல ஞாயிறுகள் ஆடினோம். நீ சொன்னபடியே பலமுறை தோற்றோம், சில முறை ஜெயித்தோம். ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால் பிரகாஷ் சொன்னதுதான் சரி. நெருங்கிவிட்டவனிடம் ஈட்டி உதவாது. உனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் வாதாடினாய்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. "மாத்திர போட்ருக்கேன், ஞாயித்துக்கெழம வந்துடுவேன்" என்றாய். அந்த ஞாயிறு உன் புள்ளி பச்சையாகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் பிரகாஷிடம் சொன்னார். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார். நாங்கள் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பிரகாஷின் போன் மறுபடி அடித்தது. எதிரில் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை.

காரியத்தன்று நால்வரும் கீழ்பென்னாத்தூருக்கு வந்தோம். வேலூர்க்காரர்கள் உன்னை இரண்டாவது முறை பார்க்க வந்தது அப்படித்தான், மாலை போட்ட படமாக. சாப்பாடு முடிந்து பந்தலில் ஆட்கள் குறைந்தபின், உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஞாயித்துக்கெழமையானா கடைக்கு ஓடிடுவான். இன்னாடா பண்றன்னு கேட்டா சண்ட போடறேன்மாம்பான். அது இன்னா சண்டம்மா? எனக்குக் காட்டுவியா?"

போட்டியின் பதிவு என் போனில் இருந்தது. அந்த மூன்றாவது சுற்று. காட்டலாமா என்று பிரகாஷைப் பார்த்தேன், அவன் தலையசைத்தான். ஓடவிட்டேன். பாலம், வாசல், இரண்டு ஈட்டிக்காரர்கள்.

"இதுல யாரு எம் புள்ள?"

"இதோ, இவருதாம்மா. கதவோரம் நிக்கறவரு."

அம்மா குனிந்தார்கள். எதிரிகள் வருவதையோ ஆட்கள் விழுவதையோ அவர்கள் பார்க்கவில்லை. கோடரிக்காரன் புகுந்ததையும் பார்க்கவில்லை. உன்னை மட்டும், முகத்தை அல்ல, அதற்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கான்" என்றார்கள்.

ஈட்டியை இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டும். குறுவாளை உருவினால் அது வலது கைக்கு வந்துவிடும். இடது கை வேலையில்லாமல் பக்கத்தில் தொங்கும். நானே எத்தனையோ முறை உருவியிருக்கிறேன், ஒருமுறைகூட அதைக் கவனித்ததில்லை. பாக்க நல்லாயில்ல என்று நீ சொன்னது எனக்கு அந்தப் பந்தலில்தான் புரிந்தது.

அம்மா விரலை நீட்டி உன் இடது கையைத் தொட்டார்கள். விரல் பட்டதும் படம் நின்றுவிட்டது. "அய்யோ, நிறுத்திட்டேனா?" என்று பதறினார்கள்.

"இல்லம்மா, பாருங்க" என்றேன்.

நான் அதை மறுபடி ஓடவிடவில்லை. ஓடவிட்டால் அடுத்த கணம் உன் முதுகு கதவில் முட்டும், கோடரி இறங்கும். கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நீ நின்றுகொண்டிருந்தாய். அம்மா பார்த்துத் தீரும்வரை, திரை அணைந்துவிடாதபடி ஓரத்தில் தொட்டுத் தொட்டு, போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கை கடுத்தது, இறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்றுவரை அந்தப் பதிவை நான் அதற்கு மேல் ஓடவிட்டதில்லை.